சுட்ட தோட்டா குழலிலேயே இறுகிக்கொள்கிறது, உதவி வேண்டும்

அஞ்செட்டி பக்கம் ராகிக் காடு. தாத்தா காலத்து 12 போர் (bore, குழல் அளவு) ஒற்றைக்குழல் துப்பாக்கி, பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் என் பெயரில் நடப்பில் இருக்கிறது. பன்றி இறங்கினால் பரண் மேலிருந்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான்.

தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கிய பிறகு புதுப் பெட்டித் தோட்டா வாங்கினேன். அதிலிருந்துதான் தொல்லை. போடும்போது வழுக்கிக்கொண்டு போகிறது; சுட்டபின் வெறுங்கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் அசைவதில்லை, முன்பக்கமிருந்து குச்சி விட்டுத் தட்ட வேண்டியிருக்கிறது. உதையும் அதிகம், தோள் கன்றிவிட்டது.

துரு என்று நினைத்து மண்ணெண்ணெய், பித்தளை பிரஷ் போட்டுத் தேய்த்தேன். வேறு பெட்டியும் பார்த்தேன். அதே கதை.

நேற்றுதான் ஸ்கேல் வைத்து அளந்தேன். சுட்ட கூடு 70 மி.மீ., வாய் நார்நாராகக் கிழிந்திருக்கிறது. குழலடியில் 2½ அங்குலம் என்று முத்திரை, அதாவது 65 மி.மீ. என்று சொல்லப்படும் பழைய அளவு அறை (தோட்டா உட்காரும் இடம்). தோட்டா வாயின் மடிப்பு சுடும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறுகிறது என்று படுகிறது. சுடுவதை நிறுத்திவிட்டேன். அறையை ராவி நீட்டலாம் என்கிறார் ஒருவர். பழைய இரும்பு, எனக்குத் துணிவில்லை.

கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலத்தில் 65 மி.மீ. தோட்டா விற்கும் லைசென்ஸ் கடை எது?