கதிர்காமப் பாதயாத்திரைக்குத் தொண்டு செய்த ஆக்களுக்கு விருந்து: உங்களுக்கு நடந்தது என்ன?

கல்லாற்றுப் பொடியன்:
கதிர்காமத் தீர்த்தம் முடிஞ்ச கையோட எங்கட கோயில் மண்டபத்தில, வழி நெடுகச் சோறு தண்ணி குடுத்த ஆக்களுக்குப் பொன்னாடையும் பந்தியும் வச்சம். பேர் லிஸ்ட் அடிச்சது நான்தான். வட்ஸ்அப்பில வந்ததை அப்பிடியே ஒட்டினன். கோமாரிப் பக்கம் றோட்டோரம் வருசா வருசம் நடந்து போற சாமிமாருக்கு மோர் ஊத்துற மாமியின்ட பேருக்கு முன்னால ஆரோ 'அமரர்' எண்டு போட்டிருந்திருக்கான். நான் கவனிக்கல்ல.

கோயில் நிருவாகம் பார்க்கிற வண்ணக்கர் மைக்கில உருகி உருகி வாசிக்கிறார், "அன்னாரின் சார்பில் குடும்பத்தினர் மேடைக்கு வரவும்" எண்டு. மாமி அந்த நேரம் பந்தியில சாம்பார் வாளியோட நிக்கா. "ஆர் மனெ செத்த?" எண்டு முன்னால இருந்தவரிட்டக் கேட்டா. அவர் சோத்தைப் பிசைஞ்சபடி "நீங்கதான்" எண்டார்.

மண்டபமே சிரிச்சுது. மாமி சிரிக்கல்ல. அடுத்த இலைக்கு ஊத்தப் போயிற்றா.

உகந்தை வழி:
இதில சிரிக்க என்னகா இருக்கு? லிஸ்ட்டை வட்ஸ்அப்பில எடுத்தா அப்பிடித்தான். றோட்டில இறங்கிக் கேட்டிருக்கணும்.

நான் போன விருந்தில, பாணமை தாண்டி உகந்தை முருகன் கோயிலுக்குத் தண்ணி பவுசர் இழுத்த பொத்துவில் முஸ்லிம் காக்கா (அண்ணன்) ஒருத்தரையும் கூப்பிட்டிருந்தாங்க. பூசணிக்கறியை ரெண்டு தரம் கேட்டு வாங்கினார். பொன்னாடை போத்தினதும் எல்லாரும் மடிச்சு பேக்குக்குள்ள வச்சாங்க. காக்கா கழட்டல்ல, அப்பிடியே உழவு மிசினில ஏறிட்டார். கேட்டதுக்கு, "பொஞ்சாதி பார்க்கட்டும், சும்மா திரியுறன் எண்டு ஏசுறவ" எண்டார். பட்டுச் சால்வையோட அந்த மிசின் புழுதிக்குள்ள போனது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

மண்டூர் நடையன்:
ரெண்டு பேரும் பந்திக் கதைதான் பேசுறீங்க. நான் 3 தரம் நடந்தவன். என்னையும் ஒரு விருந்துக்குக் கூப்பிட்டாங்க, போகக்குள்ள வடை முடிஞ்சிட்டு. அவ்வளவுதான் என்ட கதை.

வாற வருசம் போறவங்க கேளுங்க. உகந்தையில இருந்து கதிர்காமம் போற காட்டுவழி வருசத்தில கொஞ்ச நாள்தான் திறப்பாங்க. திகதி வந்த பிறகு லீவு போடுங்க. புதுச் சப்பாத்து வேணாம். கும்புக்கன் ஆறு கடந்த ஈரத்தோட நடந்தா கால் பொங்கிரும். பழகின செருப்பு போதும். யாலைக் காட்டுக்குள்ள தனிய நடக்காதீங்க, கரடி உங்களுக்கு அரோகரா சொல்லாது. இருட்ட முதல் கூட்டத்தோட சேருங்க. வியாழையிலயோ வள்ளியம்மன் ஆற்றிலயோ தங்கினா, கிளம்பக்குள்ள பொலித்தீனைப் பொறுக்கிக்கொண்டு போங்க. சத்துமா கொண்டு போங்க, பிஸ்கட் நொறுங்கும். மறுகா இன்னொண்டு. மலைநாட்டில பீக்கோ ட்ரெயில் எண்டு ஒரு நடைவழியை, 300 கிலோமீற்றருக்கு மேல, 22 கட்டமாப் பிரிச்சு வச்சிருக்காங்க. நம்மட வழிக்கும் அப்பிடிப் பிரிச்சு, சந்திக்குச் சந்தி பலகை நட்டா என்ன?

உகந்தை வழி:
அண்ணன், வடைக் கோவத்தை இஞ்ச காட்டாதீங்க. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதிக் கோயிலில இருந்து வாற சாமிமார் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு எண்டு ஒண்டரை மாசம் நடக்காங்க. ராவைக்கு எந்தக் கோயிலில சோறோ அதுதான் அவங்களுக்குக் கட்டம். 1983க்குப் பிறகு நிண்ட நடையை 1988இல பற்றிக் ஹரிகன் எண்ட அமெரிக்கரும் கொஞ்சப் பேரும் திரும்பத் தொடங்கக்குள்ள பலகை பார்த்தா நடந்தாங்க? வாசலில குடம் வச்ச ஆக்களைப் பார்த்துத்தான் நடந்தாங்க.

மண்டூர் நடையன்:
குடம் வச்ச ஆளைத்தானே தம்பிமார் அமரர் ஆக்கினீங்க.

தம்பிலுவில் தங்கச்சி:
சண்டையை விடுங்க. பொடியன், மாமிக்குப் பொன்னாடை குடுத்தீங்களா இல்லையா?

கல்லாற்றுப் பொடியன்:
என்ட அலுமாரியில கிடக்கு. அண்டைக்கே கொண்டு போய் நீட்டினன். "அது செத்தவளுக்குத் தந்தது மனெ, வச்சிரு, தேவைப்படக்குள்ள கேட்டு அனுப்புவாங்க" எண்டா. மறுகாலும் ரெண்டு தரம் வீட்டுக்குப் போனன். ரெண்டு தரமும் மோர் தந்து அனுப்பிட்டா.