உபுண்டு 22.04-க்கு மாறியதும் மாணவர் பக்கங்கள் எல்லாம் 403: பெர்மிஷன் எப்படி வைக்க வேண்டும்?

லேப்_பொறுப்பு:
வணக்கம் நண்பர்களே. எங்கள் கல்லூரி கணினித் துறையில் ஒரே சர்வரில் மாணவர் எல்லோருக்கும் கணக்கு இருக்கிறது. அவரவர் ஹோமில் உள்ள பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டரை அப்பாச்சி வெப் சர்வரின் யூசர்டிர் மாட்யூல் வழியாகக் காட்டுகிறோம். 20.04 இருந்தவரை பிரச்சினை இல்லை. இப்போது 22.04 போட்டுப் புதிதாகக் கணக்குகள் உருவாக்கினோம். டில்டா போட்டு யார் பெயரைத் தட்டினாலும் 403 ஃபர்பிடன் (அனுமதி இல்லை). பப்ளிக்_எச்டிஎம்எல் 755, உள்ளே கோப்புகள் 644. எரர் லாகில் ஏஎச்00035 என்ற எண்ணுடன், பாதையில் ஏதோ ஓர் இடத்தில் தேடும் அனுமதி இல்லை என்கிறது. அடுத்த வாரம் லேப் தேர்வு, உதவுங்கள்.

வலைவாசி:
ஹோமுக்கு மொத்தமா 777 கொடுத்துடுங்க ப்ரோ, உடனே வந்துடும்.

கருந்திரை:
தயவுசெய்து 777 வேண்டாம். இந்த மூன்று எண்களும் வரிசையாக உரிமையாளர், குழு, மற்றவர் ஆகியோரின் அனுமதி; படிக்க (ஆர்) 4, எழுத 2, எக்ஸ் 1 என்று கூட்டியது. 777 என்றால் எல்லோருக்கும் எல்லாம். ஒருவர் கோப்பை இன்னொருவர் அழிக்கலாம், லாகின் ஆகும்போது ஓடும் பாஷ்ஆர்சி கோப்பில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஹோமில் பிறர் எழுத முடிந்தால் எஸ்எஸ்எச் சர்வரும் கீ வழி லாகினை ஏற்காது.

காரணம் இதுதான்: 21.04 முதல் உபுண்டு புதுக் கணக்குகளின் ஹோமை 750 என்று வைக்கிறது. முன்பு 755. அப்பாச்சி ஓடும் பயனரால் உங்கள் ஹோமைத் தாண்டி உள்ளே போகவே முடியவில்லை. நேம்ஐ கட்டளையை -எல் போட்டு அந்தப் பாதையில் ஓட்டுங்கள், எந்தப் படியில் எக்ஸ் இல்லை என்று வரிசையாகத் தெரியும். ஃபோல்டருக்கு ஆர் என்றால் பட்டியலைப் பார்க்கலாம், எக்ஸ் என்றால் கடந்து போகலாம். ஹோமுக்குக் கடந்து போகும் அனுமதி போதும், 711 வைத்துப் பாருங்கள்.

லேப்_பொறுப்பு:
711 வைத்ததும் பக்கங்கள் வந்துவிட்டன, மிக்க நன்றி! ஆனால் இப்போது வேறு கவலை. ஒரு மாணவியின் பிஎச்பி கான்ஃபிக் கோப்பில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கிறது. வேறு கணக்கில் நுழைந்து கேட் கட்டளை கொடுத்தால் அப்படியே தெரிகிறது. 640 ஆக்கினால் பிஎச்பியாலேயே படிக்க முடியவில்லை.

கருந்திரை:
உங்கள் சர்வரில் உண்மையான ஆபத்து இதுதான், 403 அல்ல. கடைசி எண் ‘மற்றவர்’ எல்லோருக்கும். பகிர்ந்த சர்வரில் அப்பாச்சியும் மற்றவர்தான், பக்கத்து இருக்கை மாணவரும் மற்றவர்தான். ஆகவே ஹோமை மறுபடி 750 ஆக்கி, செட்எஃப்ஏசிஎல் (ஏசிஎல் எனும் ஆள்வாரி அனுமதிப் பட்டியலை எழுதும் கட்டளை) மூலம் அப்பாச்சி பயனருக்கு மட்டும் எக்ஸ் கொடுங்கள். எல்எஸ் காட்டும் வரியில் ஒரு கூட்டல் குறி வரும். ஆனால் அதன்பின் யாராவது அந்த ஹோமுக்குச் சிஎச்மோட் 700 போட்டால் ஏசிஎல்லின் மாஸ்க் (அந்த அனுமதிகளின் உச்ச வரம்பு) காலியாகி மறுபடி 403 வரும். மாணவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

இதோடு நின்றுவிடக் கூடாது. எல்லாருடைய பிஎச்பியும் அப்பாச்சி பயனராகவே ஓடினால், ஒரு மாணவர் பிஎச்பியில் நாலு வரி எழுதி அடுத்தவர் கான்ஃபிக்கைப் படித்துவிடலாம், ஏசிஎல் தடுக்காது. அப்பாச்சிக்குள்ளேயே பிஎச்பியை ஓட்டும் மோட்_பிஎச்பியை நிறுத்திவிட்டு, அதைத் தனியாக ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மில் ஆளுக்கொரு பூல் (புராசஸ் குழு) வையுங்கள். ஒவ்வொரு பூலும் அந்தந்த மாணவர் பெயரில் ஓடும், அப்பாச்சி அந்தப் பூலுடன் பேசும் சாக்கெட் மட்டும் அப்பாச்சி பயனருக்குச் சொந்தம். பிறகு கான்ஃபிக் கோப்பு 600 இருந்தால் போதும். அப்லோடு ஃபோல்டருக்கு 777 கேட்கும் தொல்லையும் போய்விடும், எழுதுவது உரிமையாளரே அல்லவா.

லேப்_பொறுப்பு:
அருமை. இத்தனை பேருக்குத் தனித்தனி பூல் வைத்தால் ரேம் தாங்குமா?

கருந்திரை:
பூல் கான்ஃபிக்கில் பிஎம் மதிப்பை ஆன்டிமாண்ட் என்று வையுங்கள். யாராவது பக்கத்தைத் திறந்தால்தான் புராசஸ் எழும், வேலை முடிந்து சற்று நேரத்தில் தானே அடங்கும்.

உளவன்2:
ஒன்றைச் சேர்க்கிறேன். யூசர்டிர் கான்ஃபிக்கில் அலவ்ஓவர்ரைடு வரியில் ஃபைல்இன்ஃபோ இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் எச்டிஆக்சஸ் கோப்பில் (மாணவர் தன் ஃபோல்டரில் வைக்கும் அப்பாச்சி அமைப்புக் கோப்பு) செட்ஹேண்ட்லர் (கோப்பை எது இயக்க வேண்டும் என்று சொல்லும் வரி) எழுதி, தன் ஸ்கிரிப்டை வேறொருவர் சாக்கெட்டுக்கு அனுப்ப முடியும். அப்போது அது அந்த வேறொருவர் பெயரில் ஓடும், 600 கோப்பும் திறந்துவிடும்.

லேப்_பொறுப்பு:
பார்த்தேன், எங்கள் கான்ஃபிக்கில் அது இருக்கிறது. இன்று மாலையே எடுத்துவிட்டு, இரண்டு சோதனைக் கணக்குகளில் ஒன்றிலிருந்து மற்றதைப் படிக்க முடிகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.