அமெரிக்காவின் வடக்கு டகோட்டா: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு

மினாட்வாசி:
நியூ டவுன் பாலத்தைத் தாண்டியவர்கள் எல்லோரும் அந்த ஏரியைப் படம் எடுத்திருப்பீர்கள். நானும் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஹிடாட்சா பழங்குடி மூதாட்டி ஒருவர், "அழகாக இருக்கிறதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கையை நீட்டவில்லை. உதட்டைக் குவித்துத் தென்கிழக்கே காட்டினார். "எங்கள் வீடு அந்தப் பக்கம், எல்போவுட்ஸில். அப்பா வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றினார். கோழிகளைப் பிடித்துவிட்டோம். பூனை மட்டும் அகப்படவில்லை."

மிசூரி ஆற்றில் கேரிசன் அணை கட்டியதால் உருவான ஏரி அது, எல்போவுட்ஸ் அதற்குள் மூழ்கிவிட்டது. அந்தக் கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். அணையை 1947-இல் தொடங்கி 1953-இல் முடித்தார்கள். மாண்டன், ஹிடாட்சா, அரிக்காரா மக்களின் ஒன்றரை லட்சம் ஏக்கருக்கும் மேலான நிலம் போயிற்று. அதிலும் ஆற்றோரத்து நல்ல வண்டல் நிலம். 1948-இல் வாஷிங்டனில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது பழங்குடி மன்றத் தலைவர் ஜார்ஜ் கில்லெட் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழும் புகைப்படத்தையும் பார்த்திருப்பீர்கள். மூழ்கிய மருத்துவமனைக்கு ஈடாக இன்னொன்று வந்தது 2011-இல். இத்தனையும் செய்துவிட்டு, ஹிடாட்சாக்களிடையே வாழ்ந்து, லூயிஸ்-கிளார்க் பயணக் குழுவோடு போன சகாகவியாவின் பெயரையே ஏரிக்கும் வைத்தார்கள். எனக்கு இதெல்லாம் முன்பே தெரியும். ஆனால் எழுபது ஆண்டு கழித்தும் அந்த அம்மா பூனையைப் பற்றிப் பேசினாரே, அதுதான் உறுத்துகிறது.

செவ்வாற்றங்கரை:
என்னுடையது 2018 தேர்தல். இந்த மாநிலத்தில் வாக்காளர் பட்டியலில் பெயர் பதியும் வேலையே கிடையாது. 1951-இல் அதை எடுத்துவிட்டார்கள், நாட்டிலேயே இங்கு மட்டும்தான் அப்படி. அடையாள அட்டையோடு போனால் போதும். ஆனால் அட்டையில் வீட்டு முகவரி இருக்க வேண்டும் என்று புதிய சட்டம் வந்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை நிறுத்தி வைக்க மறுத்துவிட்டது. பழங்குடிக் குடியிருப்புகளில் பலருக்குத் தபால் பெட்டி எண்தான் முகவரி.

உடன் வேலை பார்த்த நண்பரின் ஊர் பெல்கோர்ட், டர்ட்டில் மவுண்டன் பழங்குடிக் குடியிருப்பில். அவரை ஊருக்கு அழைத்துப் போனேன். புதிய அட்டை வாங்க வரிசை நடைவழி முழுக்க நின்றது. இலவசமாகவே அச்சிட்டுக் கொடுத்தார்கள். அட்டையை வாங்கிய பையன் ஒருவன் 'ஸ்ஸ்' என்று கையை உதறினான், அவ்வளவு சூடு. ஓயாமல் அச்சடித்ததில் இயந்திரமே கொதித்துப்போயிருந்தது. எனக்கு முன்னால் நின்ற பாட்டியிடம் வீட்டு எண்ணைக் கேட்டபோது அவர் சொன்ன பதில் இது: "சாலைக்கே பெயர் இல்லை மகனே, வீட்டுக்கு ஏது எண்?" வரிசையே சிரித்தது. பாட்டி மட்டும் சிரிக்கவில்லை.

கோதுமைக் கணக்கன்:
நான் தானியக் கிடங்கில் கணக்கு பார்த்தவன். அறுவடைக் காலத்தில் லாரி உள்ளே வந்ததும் நீளக் குழாயை உள்ளே செருகி மாதிரி எடுப்போம். ஈரம், புரதம், தூசிக் கழிவு எல்லாம் பார்த்துத்தான் விலை. அந்தக் குழாய் இறங்கும்போது பேச்சை நிறுத்திவிடும் ஒரு கிழவர் இருந்தார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். அவருடைய தாத்தாவின் கோதுமையை மட்டம் என்று எழுதி வாங்கினார்களாம். பிறகு மினியாபொலிஸில் அதையே நல்ல சரக்கோடு கலந்து முதல் தர விலைக்கு விற்றார்களாம். "மூன்று தலைமுறையாக இந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

நான்பார்ட்டிசன் லீக் என்ற விவசாயிகள் இயக்கம் பிறந்தது இந்தக் கோபத்தில்தான். பீச் ஊர்ப் பக்கம் ஆளிவிதை போட்டு நொடித்துப்போன ஆர்தர் டவுன்லி, 1915-இல் ஃபோர்டு கார்களில் ஆட்களை ஏற்றிப் பண்ணை பண்ணையாக அனுப்பினார். கையில் காசில்லாத விவசாயியிடம் பின்தேதியிட்ட காசோலையை வாங்கிக்கொண்டு உறுப்பினராகச் சேர்த்தார்கள். மறு ஆண்டே லீக் நிறுத்திய லின் ஃப்ரேசியர் ஆளுநராகத் தேர்வானார். 1919-இல் மாநில அரசுக்குச் சொந்தமான வங்கி, 1922-இல் கிராண்ட் ஃபோர்க்ஸில் மாவு ஆலை. இரண்டும் இன்றும் நடக்கின்றன, லாபத்தோடு. 1921-இல் ஃப்ரேசியரை மக்களே வாக்களித்து இறக்கினார்கள், அடுத்த ஆண்டு செனட்டுக்கு அனுப்பியதும் அவர்களே. நம் கிழவர் தேர்தல் தவறாமல் குடியரசுக் கட்சிக்குத்தான் வாக்களிப்பார். ஆனால் அந்த வங்கியைத் தனியாருக்கு விற்கலாமே என்று யாராவது சொன்னால் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார், சண்டைக்கு.

கடுங்குளிர்:
கணக்கன் ஐயா, லீக் புராணத்தை இன்னும் எத்தனை நாள் பாடப்போகிறீர்கள்? கம்பெனிகள் விவசாயம் செய்யக்கூடாது என்று 1932-இல் மக்கள் வாக்கெடுப்பில் சட்டம் கொண்டுவந்தார்கள். பால், பன்றிப் பண்ணைகளுக்காவது விலக்கு தரலாமா என்று 2016-இல் கேட்டபோது, வாக்களித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் முடியாது என்றார்கள். விளைவு என்ன? தெற்கு டகோட்டாவில் பால் உற்பத்தி பெருகுகிறது, இங்கே பண்ணைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. 2023-இல் சட்டமன்றம் ஒருவழியாகக் கால்நடைக்கு மட்டும் கதவைத் திறந்தது. மினாட்வாசிக்கும் ஒன்று: அணை இல்லாவிட்டால் வெள்ளத்தில் தலைநகர் பிஸ்மார்க்கின் கதி என்ன என்பதையும் எழுதியிருக்கலாம்.

என் அனுபவம் சின்னது. ஜேம்ஸ்டவுன் தாண்டி ஐ-94 நெடுஞ்சாலையில் பனிப்புயலில் கார் பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஒரு விவசாயி டிராக்டரால் இழுத்துவிட்டார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நவம்பருக்குள் இஞ்சின் சூடேற்றியைப் பொருத்திவிடுங்கள், இரவில் மின் இணைப்பில் போட்டுவையுங்கள். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். கம்பளி, மெழுகுவத்தி, தகர டப்பா, தீப்பெட்டி, மண்வெட்டி ஆகியவை எப்போதும் காரில் இருக்கட்டும். மாட்டிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்கவே நடக்காதீர்கள். வெள்ளைப் பனியில் பத்தடி போனால் திரும்பி வர வழி தெரியாது. புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே இஞ்சினை ஓட்டுங்கள், அதுவும் மணிக்குப் பத்து நிமிடம் மட்டும், ஒரு சன்னலைச் சற்றே திறந்து வைத்து. பருத்திக் காலுறை வேண்டாம், கம்பளி நூல்தான். கைப்பேசியைச் சட்டைக்குள் வையுங்கள், குளிரில் மின்கலம் செத்துவிடும்.

வில்லிஸ்டன் பழைய ஆள்:
குளிர் பற்றித் தனி இழை இருக்கிறது ஐயா.

எண்ணெய் வயலில் வேலை பார்த்தபோது ராஸ் ஊரருகே ஒரு சின்னப் பள்ளிவாசலைப் பார்க்கப் போனேன். சிரியா, லெபனான் பக்கத்திலிருந்து வந்து நிலம் பெற்றுக் குடியேறியவர்கள் 1929-இல் கட்டியது அங்கே இருந்தது. அமெரிக்காவில் தொழுகைக்கென்றே எழுப்பிய முதல் பள்ளிவாசல்களில் ஒன்று. அது 1970-களில் இடிபட்டது, இப்போது நிற்பது பிறகு கட்டியது. கல்லறைகளுக்கு நடுவே புல் வெட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். அரபுப் பெயர், நார்வேக்காரர்களைப் போல இழுத்து இழுத்துப் பேச்சு. "ரமலான் கோடையில் வந்தால் தாத்தா தண்ணீர்கூடக் குடிக்காமல் வயலில் நிற்பார்" என்றார். "நீங்கள்?" என்று கேட்டேன். "நான் லூத்தரன் கிறிஸ்தவன்" என்று சொல்லிவிட்டு மறுபடி புல் வெட்டப் போனார். கல்லறைகளை அவர் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வது அங்கே போனால் தெரியும். அதைப் பற்றி நான் என்ன நினைக்க வேண்டும் என்று இன்றுவரை பிடிபடவில்லை.

கோதுமைக் கணக்கன்:
கடுங்குளிர் தம்பி, உங்களை டிராக்டரால் இழுத்துவிட்டவர் குடும்பப் பண்ணைக்காரர். அந்த நிலம் கம்பெனி வசம் இருந்திருந்தால், புயல் இரவில் அந்தச் சாலையோரம் யார் வீட்டில் விளக்கு எரிந்திருக்கும்? பால் பண்ணை பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்.