டர்பனிலிருந்து கேப் டவுன் போகும் வழியில் அறிவியல் சம்பந்தப்பட்ட இடங்கள் உண்டா?

சாட்ஸ்வொர்த் அம்மா:
டிசம்பர் லீவுக்குக் காரிலேயே கேப் டவுன் போகிறோம். பெரியவன் எதைக் காட்டினாலும் இதை முதலில் யார் கண்டுபிடித்தார்கள் என்று துளைத்தெடுக்கிறான். கடற்கரையும் மாலும் டர்பனிலேயே இருக்கின்றன, ஆதி மனிதர்களின் எலும்புகள் கிடைத்த ஸ்டெர்க்ஃபான்டெய்ன் குகையையும் பார்த்தாயிற்று. வேறு எங்கே நிறுத்தலாம்?

மீன் பைத்தியம்:
அக்கா, போகும் வழியில் ஈஸ்ட் லண்டன் என்ற ஊர் வரும், அங்கிருக்கும் மியூசியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். டைனோசர்களோடு அழிந்துபோனதாக நினைத்திருந்த சீலகாந்த் மீன் 1938 டிசம்பர் 22 அன்று அந்த ஊர்த் துறைமுகத்துக்கு ஒரு மீன்பிடிக் கப்பலில் வந்து சேர்ந்தது. குவியலுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த நீலத் துடுப்பைக் கவனித்தவர் மியூசியத்தைப் பார்த்துவந்த மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர். ஒன்றரை மீட்டர் நீளம், 57 கிலோ. நாறுகிற மீனை வண்டியில் ஏற்ற டாக்சிக்காரர் முரண்டு பிடித்தார், பிணவறையிலும் இடம் கிடைக்கவில்லை, கடைசியில் பாடம் செய்யக் கொடுத்துவிட்டு, படம் வரைந்து ஜே.எல்.பி. ஸ்மித் என்ற மீன் ஆய்வாளருக்குத் தபாலில் அனுப்பினார். அவர் நேரில் வந்து பார்ப்பதற்குள் குடலெல்லாம் குப்பைக்குப் போய்விட்டது! அந்த மீனேதான் இன்றும் அங்கே இருக்கிறது. துடுப்பின் அடியைப் பையனுக்குக் காட்டுங்கள், சதைப்பிடிப்பாகக் குட்டைக் கால் மாதிரி இருக்கும்.

கேப் தம்பி:
கேப் டவுன் வந்ததும் அப்சர்வேட்டரி, அதாவது நட்சத்திரங்களை ஆராயும் வானாய்வகம். அந்தப் பேட்டைக்கே அதுதான் பெயர். 1820இல் தொடங்கியது. ஆல்ஃபா சென்டாரி நட்சத்திரம் எவ்வளவு தூரம் என்பதற்கான அளவுகளை 1832-33இல் இங்கேதான் தாமஸ் ஹெண்டர்சன் என்ற வானியலாளர் எடுத்தார், ஆனால் தயங்கித் தயங்கி 1839இல்தான் வெளியிட்டார், அதற்குள் பெஸ்ஸல் என்ற இன்னொரு வானியலாளர் வேறொரு நட்சத்திரத்தின் தூரத்தை வெளியிட்டு முந்திக்கொண்டார். பாவம் மனுஷன். இரவில் தொலைநோக்கி பார்க்க விடும் நாள்கள் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஊரிலேயே இருக்கும் சிக்னல் ஹில் குன்றில் பகல் 12 மணிக்கு வெடிக்கும் பீரங்கிக்கும் நேரம் அந்த அப்சர்வேட்டரியிலிருந்துதான் வருகிறது (ஞாயிறு வெடிக்காது). 1967இல் முதல் இதய மாற்று அறுவை நடந்த குரூட்ட ஸ்கூர் ஆஸ்பத்திரியும் பக்கம்தான்.

சாட்ஸ்வொர்த் அம்மா:
நன்றி தம்பிகளா. டாக்சிக்காரர் கதையைச் சொன்னேன், அந்த மீன் இப்போதும் நாறுமா என்று கேட்கிறான். ஈஸ்ட் லண்டனில் ஒரு ராத்திரி தங்கிவிடலாம் போலிருக்கிறது.

மீன் பைத்தியம்:
நாறாது அக்கா :) விடியற்காலையிலேயே கிளம்புங்கள், ஈஸ்ட் லண்டனுக்கு முன்னால் வரும் டிரான்ஸ்கெய் பக்கம் ரோட்டிலேயே மாடு நிற்கும், இருட்டுவதற்குள் தாண்டிவிட வேண்டும்.