அம்மான்ர ரோஸ்டர் குறூப்

சுதா, காலை 6.10
காய்ச்சல் இப்ப பார்த்தது 98.6 தான். இரவு 2 தரம் எழும்பி இருந்தவா, வாய்ப்புண்ணால நித்திரை இல்லை. கஞ்சி குடிக்கேல்லை. தண்ணி துருப்பிடிச்ச வாளியில அள்ளின மாதிரிக் கிடக்காம்

தர்சி, காலை 6.12
அண்ணி சின்ன ஐஸ் துண்டு குடுத்துப் பாருங்கோவன். இஞ்ச இரவு 8.42, இன்னும் 2 மணித்தியாலம் முழிச்சிருப்பன்

மிஸி அன்ரி, காலை 6.20
உப்புத்தண்ணியில கொப்பளிக்க விடுங்கோ, உறைப்பு வேண்டாம். இண்டைக்கு கீமோ ஏத்தி 9ம் நாள் எல்லே, 7ல இருந்து 14 மட்டும் வெள்ளை அணு கவுண்ட் விழுந்து கிடக்கிற நாள். 100.4ஓ அதுக்கு மேலயோ காட்டினா பனடோலைப் போட்டுட்டு விடியட்டும் எண்டு படுக்கிறேல்லை, சாமமெண்டாலும் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட வேணும். பனடோல் காய்ச்சலை மறைச்சுப்போடும். நான் 10 மணிக்கு கவுண்ட் ஏத்திற ஊசி போட வாறன்

சுதா, காலை 6.31
ஊசி கிடக்கு அன்ரி. நேற்று 3 மணித்தியாலம் கறண்ட் இல்லை, உங்கட ஐஸ்பெட்டிக்க துவாயால சுத்தி ஐஸ்ல முட்டாம வைச்சு எடுத்தனான். பிறிட்ஜ் மேல்தட்டில முருங்கைக்காய்க்கும் யோகட்டுக்கும் நடுவில தான் பெட்டி. சின்னவன் பேப்பர் ஒட்டியிருக்கிறான், "அப்பம்மாவின் ஊசி. ஒருத்தரும் தொடக் கூடாது"க்கு "தொடக் குடாது" எண்டு. வாய் திறக்கேலாத மனிசி போய் சிவப்புப் பேனையால திருத்திவிட்டவா

கஜன், காலை 6.40
😂

குணம் மாமா, காலை 7.05
அனுப்பப்பட்டது: *கீமோவை விட 10,000 மடங்கு சக்தி வாய்ந்த அன்னமுன்னா இலைக் கசாயம்!! 10 பேருக்கு அனுப்பவும்* 🙏🙏

தர்சி, காலை 7.06
மாமா திரும்பவுமா

மிஸி அன்ரி, காலை 7.15
குணம் அண்ணை, அது லாப்பில கண்ணாடித் தட்டில கிடந்த கலத்துக்கு மேல ஊத்திப் பார்த்த கதை. மனிசருக்கு மாறினதெண்டு ஒரு ஆதாரமும் இல்லை. கீமோ ஓடுற உடம்பில டொக்டருக்குச் சொல்லாமக் கசாயம் ஊத்தினா ஈரலும் கிட்னியும் தான் அடிவாங்கும்

குணம் மாமா, காலை 7.24
கெடுதலுக்குச் சொல்லேல்லை தங்கச்சி. எங்கட அம்மாக்கு இதே வருத்தம் 2006ல. ஓகஸ்ட்டில ஏ-9 பாதை பூட்டினாப்பிறகு மகரகம கான்சர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை, கப்பலுக்குப் பதிஞ்சு போட்டுக் காவல் இருந்தது தான். அப்ப கசாயம் மட்டும் தான் கையில கிடந்தது. வவுனியாவில சும்மா குந்திக்கொண்டிருக்க ஏலாமக் கிடக்கு

கஜன், காலை 7.30
விளங்குது மாமா. ஆனா இப்ப தெல்லிப்பளை கான்சர் ஆஸ்பத்திரி இருக்கெல்லே, கொக்குவில்ல இருந்து காங்கேசன்துறை வீதியால ஓட்டோவில அரை மணித்தியாலம். 2011ல அதுக்கெண்டு தெய்வேந்திரமுனையில இருந்து பருத்தித்துறை மட்டும் 27 நாள் நடந்து காசு சேர்த்தவை எல்லே, கடைசி நாள் நீங்களும் போய் நிண்டனீங்கள். நீங்கள் அடுத்த கீமோவுக்கு வந்து வாட்டில நில்லுங்கோ, எனக்கு லீவு முடிஞ்சுது

குணம் மாமா, காலை 7.31
வாறன். திகதியச் சொல்லு

தர்சி, காலை 7.40
அண்ணா, ஞாயிறு சாவகச்சேரியால வான் பிடிச்சு 11 பேர் வருகினமாம், உண்மையா? கவுண்ட் இல்லாத நேரம். வேண்டாமெண்டு சொல்லு

கஜன், காலை 7.43
எப்பிடிச் சொல்லுறது, நாளைக்கு செத்தவீட்டுக்கு மட்டும் கூப்பிடுவியளோ எண்டு கேப்பினம்

சுதா, காலை 7.58
நான் ஒண்டு சொல்லட்டோ. நேற்று வந்தவ தும்மித் தும்மி மாமியக் கட்டிப்பிடிச்சு அழுது, மாமி தான் அவவின்ர முதுகத் தடவி ஆறுதல் சொன்னது, நான் 9 பேருக்குத் தேத்தண்ணி, ஏத்தின ரெண்டு நாளும் மாமியின்ர உடுப்பு கையுறை போட்டு வேறையாத் தோய்க்கிறது, சின்னவனுக்கு ஸ்கொலசிப் சோதினை, மாமா முதன்முதலா தேத்தண்ணி போட்டு சீனிக்குப் பதிலா உப்பு, அதையும் நான் குடிச்சனான், இதுக்குள்ள நீங்கள் மூண்டு பேரும் மூண்டு நாட்டில மாதிரி நிண்டுகொண்டு மாமி சாப்பிட்டவாவோ, மாமி என்ன சொல்லுறா, மாமிக்கு விக் வாங்கவோ எண்டு என்னட்டக் கேக்கிறியள், நான் என்ன போஸ்ட்மனே. மாமிட்டயே கேளுங்கோ

*சுதா, அம்மாவைச் சேர்த்தார்*

தர்சி, காலை 8.01
அண்ணி!!

கஜன், காலை 8.02
மேல கிடக்கிறத அவ பார்க்கேலாது, இப்ப சேர்த்தாப்பிறகு வாறது தான் தெரியும். ஒருதரும் ஒண்டும் எழுதாதேங்கோ

அம்மா, காலை 8.20
மேல கிடக்கிறது எல்லாம் சுதான்ர போனில ரெண்டு கிழமையா வாசிக்கிறன். ஒரு வசனத்தில எண்டாலும் எழுவாய் இல்லை. "கஞ்சி குடிக்கேல்லை". ஆர் குடிக்கேல்லை? நான் இருக்கிறன்

அம்மா, காலை 8.27
விக் வேண்டாம் தர்சி, இந்த வெயிலுக்கு அவியும். பருத்தித் துணி 2 யார் போதும். குணம், இலை பிடுங்க வேண்டாம், அடுத்த முறை வரேக்க பனங்கட்டி கொண்டா, அது மட்டும் தான் வாயில ருசி தெரியுது. ஞாயிறு வானுக்கு நானே போன் எடுக்கிறன், நான் படிப்பிச்ச பெடியன் தான் ஓடுறவன், வராதையெண்டா வராது

மிஸி அன்ரி, காலை 8.29
ரீச்சர் 👏

அம்மா, காலை 8.41
இன்னொண்டு. குளிக்கேக்க மார்பில கட்டி கையில தட்டுப்பட்டு நாலு மாசம் ஒருதருக்கும் சொல்லாம இருந்தனான். நல்லூர்க் கொடி ஏறட்டும் எண்டு, பேந்து 25 நாளும் முடியட்டும் எண்டு, பேந்து தர்சி வந்திட்டுப் போகட்டும் எண்டு. வெக்கமும் தான். சுதா, உனக்கு 35 ஆகுது, கட்டி கிட்டி இருக்கோ எண்டு பார்க்கிற சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச்சொல்லி மிட்வைவ் அம்மா ரெண்டு தரம் கேட்டிலயால கூப்பிட்டுட்டா, நீ எனக்கு சூப் காய்ச்சினபடி "பிறகு" எண்டனீ. வியாழன் போறாய். அண்டைக்குச் சமையல் உன்ர மாமா

தர்சி, காலை 8.43
அப்பாவா??

அம்மா, காலை 8.44
உப்புப் போத்தலிலயும் சீனிப் போத்தலிலயும் பேர் எழுதி ஒட்டியாச்சு. சின்னவன் எழுதினவன், பிழையில்லை

சுதா, காலை 8.50
சரி மாமி

அம்மா, காலை 8.52
மிஸி, 10 மணிக்கு வரேக்க உங்கட ஐஸ்பெட்டிய எடுத்துக்கொண்டு போங்கோ. மூடி இவன் கஜன் இருந்து உடைச்சுப்போட்டான், சொல்லப் பயத்தில திரியிறான்