கட்டணச் செயலிகள்: ஐபேடுக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கும் எவற்றை வாங்குவது தகும்?

தாளடி கேட்டது:

வணக்கம். பல ஆண்டுகளாக ஆண்ட்ராய்டு போன் ஒன்றை இலவசச் செயலிகளை மட்டுமே கொண்டு ஓட்டி வந்த எனக்கு, இப்போது திரையில் எழுதும் ஆப்பிள் பென்சிலுடன் ஓர் ஐபேட் கைக்கு வந்திருக்கிறது. போனை மாற்றும் எண்ணம் இல்லை. ஆகவே இனி பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் இரண்டோடும் கொடுக்கல் வாங்கல் வைத்தாக வேண்டும்.

பிடிஎஃப், இபப் நூல்களைப் படித்து ஓரத்தில் குறிப்பெழுதுவது, மாலை வகுப்பில் கையெழுத்தாகவே குறிப்பெடுப்பது, புதிதாகக் கற்கும் மொழிக்கான சொல்லட்டைகளை நாள்தோறும் புரட்டுவது ஆகியவையே என் முதன்மையான தேவைகள். மகள் தன்னிடமுள்ள ஐபேடில் படம் வரைவாள். எப்போதாவது குடும்பக் காணொளிகளை வெட்டி ஒட்டும் வேலையும் உண்டு.

இலவசச் செயலிகளின் விளம்பரங்கள் சலித்துவிட்டன. பக்கத்தைத் திருப்ப விரலை வைக்கும் இடத்திலேயே ஒரு பட்டை முளைத்து வேறெங்கோ இழுத்துச் சென்றுவிடுகிறது. காசு கொடுக்கத் தயக்கமில்லை. ஆனால் இணையத்தில் கிடைக்கும் ‘சிறந்த ஐம்பது செயலிகள்’ வகைப் பட்டியல்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புகழ்வதால், எதற்குக் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம் என்பது அவற்றிலிருந்து விளங்கவில்லை. ஒரே முறை விலை கொடுத்து வாங்குபவையாக இருந்தால் நல்லது. மாதச் சந்தாவை இயன்றவரை தவிர்க்க விரும்புகிறேன். ஒரு கடையில் வாங்கியது மற்றக் கருவியிலும் செல்லுமா, நான் வாங்கியதை மகளும் பயன்படுத்தலாமா என்பவற்றையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வெண்சுவர் எழுதியது:

ஒரு கடையில் வாங்கியது மறு கடையில் செல்லாது. ஆப் ஸ்டோரில் வாங்கும் உரிமம் உங்கள் ஆப்பிள் கணக்கோடும், பிளே ஸ்டோரில் வாங்குவது கூகுள் கணக்கோடும் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒரே நிறுவனத்தின் ஒரே பெயருள்ள செயலியாக இருந்தாலும் இரண்டிலும் தனித்தனியாகக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். நிறுவனத்தின் சொந்தக் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் சந்தாக்கள்தான் பெரும்பாலும் இதற்கு விதிவிலக்கு. எனவே வேலைகளை முதலில் கருவிவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்; வரைவதும் கையெழுத்தும் ஐபேடுக்கு, பேருந்தில் படிப்பதும் சொல்லட்டையும் போனுக்கு என்று வைத்தால் இரட்டைச் செலவு பெரிதும் குறையும்.

மகள் வரைவாள் என்றால் தயங்காமல் புரோகிரியேட் வாங்குங்கள். 2011 முதல் இருந்துவரும் இந்தச் செயலி ஐபேடுக்கு மட்டுமே உரியது. ஒரு முறை விலை, அதன் பிறகு சந்தாவும் இல்லை, உள்ளே எதையாவது வாங்கச் சொல்லும் நச்சரிப்பும் இல்லை. ஐபோனுக்கான புரோகிரியேட் பாக்கெட் வேறு செயலி, அதற்கு வேறு விலை. உங்களுக்கு அது தேவைப்படாது. தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு செய்திகள் உண்டு. புதிய படத்துக்கான அளவைக் கொடுக்கும்போதே, அந்த அளவில் எத்தனை அடுக்குகள் (ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையும் ஒளிபுகும் தாள்கள் போன்றவை) வரை வைக்கலாம் என்று திரையில் காட்டும். அகல உயரங்களைக் கூட்டக் கூட்ட அந்த எண் இறங்கிக்கொண்டே வரும், ஏனெனில் அது ஐபேடின் நினைவகத்தைப் பொறுத்தது. பழைய ஐபேடில் பெரிய தாளை எடுத்துக்கொண்டு, பாதிப் படத்தில் அடுக்கு போதவில்லை என்று குழந்தைகள் அழுவது இதனால்தான். அடுத்தது, வரைந்த படங்கள் அனைத்தும் செயலிக்குள்ளேயே இருக்கும். இடம் போதவில்லை என்று செயலியை நீக்கினால் படங்களும் சேர்ந்து போய்விடும். முக்கியமானவற்றை அவ்வப்போது வெளியே எடுத்து வேறிடத்தில் சேமிக்கும் பழக்கம் வேண்டும்.

சொல்லட்டைக்கு ஆன்கி. இதில் விலை அமைந்திருக்கும் விதம் உங்களைப் போல் இரண்டு வகைக் கருவியும் வைத்திருப்பவருக்கு மிகவும் வசதியானது. கணினிக்கான ஆன்கி இலவசம். தன்னார்வலர்கள் உருவாக்கிய ஆன்கிட்ராய்ட் ஆண்ட்ராய்டில் இலவசம். ஐபோன், ஐபேடுக்கான ஆன்கிமொபைல் மட்டும் விலைக்குரியது, அந்த வருவாய்தான் மூலத் திட்டத்தைத் தாங்குகிறது. ஆன்கிவெப் கணக்கு ஒன்றைத் தொடங்கினால் அட்டைகளும் முன்னேற்றமும் எல்லாக் கருவிகளிலும் ஒன்றாகவே இருக்கும். நீங்கள் போனில் மட்டும் புரட்டினால் ஒரு காசும் செலவில்லை. பெரிய திரையிலும் வேண்டுமென்று தோன்றும் நாளில் ஆன்கிமொபைலை வாங்கிக்கொள்ளலாம். கடையில் தேடும்போது அந்தப் பெயரை ஒட்டிய பெயருடன் தொடர்பில்லாத வேறு செயலிகளும் வந்து நிற்கும். சரியான பெயரைப் பார்த்து அழுத்துங்கள்.

படிப்பதற்கு ஐபேடில் எதையும் வாங்க வேண்டாம். கூடவே வரும் புக்ஸ் செயலி இபப், பிடிஎஃப் இரண்டையும் திறக்கும். பிடிஎஃப் மீது பென்சிலால் எழுதவும் அது போதும். ஆண்ட்ராய்டில் மட்டும் மூன் பிளஸ் ரீடர் ப்ரோவுக்குக் காசு கொடுப்பது தகும் என்பேன். எழுத்தளவு, வரி இடைவெளி, ஓரம், இரவு வண்ணம் என எல்லாவற்றையும் நம் கண்ணுக்கு ஏற்றபடி மாற்றலாம். போனில் உள்ள பேச்சுப் பொறியைக் கொண்டு உரக்கப் படிக்கவும் செய்யும், கூகுளின் பேச்சுப் பொறியில் தமிழும் இருப்பதால் தமிழ் நூல்களையும் கேட்கலாம். ஆனால் தாளை அப்படியே படமெடுத்துச் செய்த பிடிஎஃப்களை இப்படி நேரடியாக வாசித்துக் காட்ட முடியாது. முதலில் படத்திலுள்ள எழுத்துகளை அடையாளம் காணும் எழுத்துணரி மூலம் அவற்றை உரையாக்க வேண்டும்.

காணொளிக்கு இலவசமாக வரும் ஐமூவி போதவில்லை என்று நீங்களே உணரும் வரை பொறுத்திருங்கள். அதன் பின் லூமாஃபியூஷன், அதுவும் ஒரே முறை விலை.

ஓரெழுத்து எழுதியது:

வெண்சுவர் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் ஆண்ட்ராய்டு பக்கத்தில் காசு கொடுக்கும் முன் எஃப்-டிராய்ட் என்ற களஞ்சியத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அங்கே கட்டற்ற மென்பொருள்கள், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பவை, மட்டுமே இருக்கும். பிளே ஸ்டோரில் விலைக்கு விற்கப்படும் சில செயலிகளை அவற்றை எழுதியவர்களே அங்கு விலையில்லாமல் வைத்திருக்கிறார்கள். நாட்காட்டியையும் தொடர்புகளையும் நம் சொந்த வழங்கியோடு (சர்வர்) ஒத்திசைக்கும் டாவ்எக்ஸ்5 அப்படிப்பட்டது. இணையமில்லாமல் வரைபடம் பார்க்க உதவும் ஓஎஸ்எம்ஆண்டின் இலவசப் பதிப்பு பிளே ஸ்டோரில் வரைபடப் பதிவிறக்கங்களுக்கு வரம்பு வைக்கிறது. எஃப்-டிராய்ட் பதிப்பில் அந்த வரம்பு இல்லை.

இதைக் காசை மிச்சப்படுத்தும் தந்திரமாகச் சொல்லவில்லை. முதலில் அங்கிருந்து நிறுவிச் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்து, நாள்தோறும் கை போகும் செயலி அது என்று தெரிந்த பின் பிளே ஸ்டோரில் விலை கொடுத்து வாங்குங்கள். எழுதியவருக்கும் பங்கு போய்ச் சேரும். புதிய பதிப்புகள் எஃப்-டிராய்டில் சற்றுத் தாமதமாக வருவதும் உண்டு. ஐபேடுக்கு இந்த வழி பொருந்தாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

செயலிகளின் பெயர்களை மேலே இருவரும் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். காசு எப்படிப் போகிறது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் எங்கள் வீட்டில் இந்தக் கணக்கெல்லாம் என் தலையில்தான் விழுகிறது.

‘ஒரே முறை விலை’ என்பதை ‘என்றென்றைக்கும்’ என்று படிக்க வேண்டாம். 2017-இல் ஐபோன், ஐபேடுக்கான இயங்குதளமான ஐஓஎஸ் 11 வந்தபோது, புதிய 64 பிட் அமைப்புக்கு மாற்றி எழுதப்படாத பழைய 32 பிட் செயலிகள் அனைத்தும் ஒரே நாளில் திறக்காமல் போயின. அவற்றில் விலை கொடுத்து வாங்கியவையும் அடக்கம். டார்க் ஸ்கை என்ற வானிலைச் செயலி ஐபோனில் விலைக்கு விற்கப்பட்டது. அதை 2020-இல் ஆப்பிள் வாங்கியது. அந்த ஆண்டிலேயே ஆண்ட்ராய்டு பதிப்பு மூடப்பட்டது, 2022 முடிவோடு ஐபோன் பதிப்பும் நின்றது. ஆகவே வாங்கும் முன் கடைப் பக்கத்தில் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற தேதியைப் பாருங்கள். நட்சத்திர மதிப்பீட்டைவிட அந்தத் தேதியையே நான் நம்புவேன். ஓராண்டுக்கு மேல் யாரும் கை வைக்காத செயலி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

சந்தாவை அடியோடு வெறுப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வோர் ஆண்டும் இயங்குதளம் மாற, அதற்கேற்ப ஒருவர் உட்கார்ந்து திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒத்திசைவுக்கு வழங்கி வாடகை வேறு. அப்படித் தொடர்ந்து செலவு பிடிக்கும் செயலிக்குத் தொடர்ந்து கொடுப்பது நியாயம். கணிப்பானுக்கும் ஒளிவிளக்குக்கும் வாரச் சந்தா கேட்கிறார்களே, அதுதான் அநியாயம். அத்தகையவை மூன்று நாள் இலவசம் என்று பெரிய எழுத்தில் போட்டு, அதன் பிறகு வாரந்தோறும் எடுக்கும் தொகையைச் சாம்பல் நிறத்தில் கீழே பொடியெழுத்தாக வைத்திருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியுங்கள்.

செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. இதை இரண்டு கடைகளுமே தெளிவாகச் சொல்கின்றன, ஆனாலும் மாதக் கணக்கில் பணம் போய்க்கொண்டிருப்பதைப் பிறகு கவனிப்பவர்கள் ஏராளம். ஐபேடில் அமைப்புகளுக்குள் உங்கள் பெயரைத் தொட்டு, சந்தாக்கள் பகுதிக்குப் போய் நிறுத்த வேண்டும். பிளே ஸ்டோரில் மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் கட்டணங்களும் சந்தாக்களும் என்ற பகுதி வரும். இலவசக் காலத்தோடு நிறுத்த நினைத்தால், ஆப்பிளில் அது முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே ரத்து செய்யுங்கள். பிளே ஸ்டோரில் வாங்கிய செயலி பிடிக்கவில்லை என்றால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். காலம் கடந்தால் செயலியை எழுதியவரிடம்தான் கேட்க வேண்டும். ஆப்பிளிலும் காரணம் சொல்லிக் கேட்கலாம், ஆனால் தருவதும் மறுப்பதும் அவர்கள் முடிவு.

இனி மகள் விஷயம். ஆப்பிளின் குடும்பப் பகிர்வில் உங்களையும் சேர்த்து ஆறு பேர் வரை இருக்கலாம். புரோகிரியேட் போல ஒரே முறை விலை கொடுத்து வாங்கிய செயலியை மகள் தன் கணக்கிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். செயலிக்குள் வாங்கியவையும் சந்தாக்களும் பகிரப்படுமா என்பது எழுதியவர் அனுமதித்திருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. கூகுளின் குடும்ப நூலகத்திலும் ஆறு பேர்தான், ஆனால் செயலிக்குள் வாங்கியவை அங்கே பகிரப்படவே மாட்டா. வாங்கியவற்றைப் பகிரும் வசதியை ஆப்பிளில் இயக்கினால், மகள் எதை வாங்கினாலும் தொகை உங்கள் அட்டையில் ஏறும் என்பதால், அனுமதி கேட்ட பிறகே வாங்கும் ஏற்பாட்டையும் அதே கையோடு இயக்கிவிடுங்கள்.

தாளடி எழுதியது:

மூவருக்கும் நன்றி. புரோகிரியேட் வாங்குவது, போனில் ஆன்கிட்ராய்ட், படிக்க மூன் பிளஸ் ரீடர், காணொளிக்கு இப்போதைக்கு ஐமூவி என்று முடிவு செய்திருக்கிறேன். கையெழுத்துக் குறிப்பு மட்டும் நிற்கிறது. எல்லோரும் குட்நோட்ஸ், நோட்டபிலிட்டி என்ற இரண்டையே சொல்கிறார்கள். இரண்டுமே சந்தா கேட்கின்றன. எதை எடுப்பது?

வெண்சுவர் எழுதியது:

ஒரு காலத்தில் இரண்டுமே ஒரே முறை விலைக்குக் கிடைத்தவை. 2021 நவம்பரில் நோட்டபிலிட்டி சந்தாவுக்கு மாறியபோது, ஏற்கெனவே வாங்கியவர்களின் வசதிகளும் ஓராண்டுக்குப் பின் குறையும் என்று அறிவித்துப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. சில நாள்களிலேயே பின்வாங்கி, பழைய வாடிக்கையாளர்கள் வாங்கியது அவர்களுக்கே நிலைக்கும் என்றது. காசு கொடுத்து வாங்கிய முதன்மை வசதிகளைப் பறிக்கக் கூடாது என்று ஆப்பிளின் விதியும் சொல்கிறது. குட்நோட்ஸ் 2023-இல் ஆறாம் பதிப்போடு சந்தாவின் பக்கம் சாய்ந்தது.

தேர்வு உங்கள் வகுப்பைப் பொறுத்தது. ஆசிரியர் சம்மதத்தோடு பாடத்தை ஒலிப்பதிவு செய்வீர்கள் என்றால் நோட்டபிலிட்டி. எழுதும்போதே பதிவும் ஓடிக்கொண்டிருக்கும். பின்னர் ஒரு வரியைத் தொட்டால், அதை எழுதிய கணத்தில் ஆசிரியர் பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஒலி தொடங்கும். பாதியில் விட்ட வாக்கியங்களை நிரப்ப இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அட்டை போட்ட தனித்தனி நோட்டுகளாகப் பாடவாரியாக அடுக்கி வைத்து, பிடிஎஃப் பாடநூல்களையும் அவற்றிடையே செருகிக்கொள்ள விரும்பினால் குட்நோட்ஸ் கைக்கு இசைவாக இருக்கும். ஒலிப்பதிவு தேவையில்லை, நோட்டுகளும் சிலவே என்றால் ஐபேடோடு வந்த நோட்ஸ் செயலியே பென்சிலுக்குப் போதும்; முதல் மாதம் அதிலேயே எழுதிப் பாருங்கள்.

சந்தா கட்டும் முன், இலவச நிலையிலேயே நாலைந்து பக்கம் எழுதி, அதைப் பிடிஎஃப் ஆக மாற்றி உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். மெல்லிய கோடுகள் தெளிவாக இருக்கின்றனவா, பக்க அளவு திரைக்குப் பொருந்துகிறதா என்பதை அங்கேதான் அறிய முடியும். சந்தாவை நிறுத்தும் நாளில் உங்கள் குறிப்புகளை வெளியே எடுத்துச் செல்ல உங்களிடம் இருக்கப்போவதும் அந்தப் பிடிஎஃப்தான்.