புதுப்பிப்பு: ஃப்ளூ வேரியண்ட் மாடல் சரியாயிடுச்சு

புது ஃப்ளூ வேரியண்ட்டக் கண்டுபிடிக்க, எச்3என்2 ஃப்ளூ வைரஸோட எச்ஏ (வைரஸ் மேல இருக்கிற ஒரு புரதம்) சீக்வென்ஸ் வச்சு ட்ரெயின் பண்ண மாடல் டெஸ்ட்ல நல்லா வருது, புது சீசன் டேட்டா குடுத்தா சொதப்புதுன்னு கேட்டிருந்தேன்ல, உதவின எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

டேட்டாவ குலுக்கிப் பிரிக்காதீங்க, தேதி வச்சுப் பிரிங்கன்னு ஒரு அக்கா சொன்னாங்க, அதுதான் சரி. ஒரே மாதிரி சீக்வென்ஸ் ட்ரெயின், டெஸ்ட் ரெண்டு பக்கமும் கிடந்ததால மாடல் மனப்பாடம் பண்ணியிருக்கு. நம்ம சிங்கப்பூர்ல வருஷத்துக்கு ரெண்டு தடவை ஃப்ளூ ஏறும், அதனால ஆறு ஆறு மாசமா பிரிச்சேன். ஸ்கோர் இறங்குச்சு, ஆனா இப்பதான் நம்ப முடியுது.

எதிர்பார்க்காத ஒண்ணு: புது வேரியண்ட்னு அது காட்டினதுல பலது லேப்ல கோழி முட்டையில வளர்த்த சாம்பிள், எச்ஏ புரதத்தோட 194வது இடத்துல லூசின்ங்கிற அமினோ அமிலத்துக்குப் பதிலா ப்ரோலின் இருந்துச்சு, அது வைரஸ் முட்டைக்குப் பழகினதால வர்ற மாற்றம், ஊர்ல பரவுறது இல்ல. மெட்டாடேட்டாவுல (சாம்பிளோட வர்ற விவரம்) பாசேஜ் ஹிஸ்டரி, அதாவது வைரஸ எதுல வளர்த்தாங்கன்னு பாத்து அதெல்லாம் முதல்லயே எடுத்துடுங்க.